‘ஆள் தேவையில்லை’ என்னும் விலைப்புள்ளி

இலக்கியம் பேசும் இடத்தில் காப்பி இயந்திரத்தைப் பற்றி எழுத வந்தமைக்கு வாசகர்கள் எங்களைப் பொறுத்தருள வேண்டும். கடந்த இரண்டு மாதங்களாக எங்கள் கல்லூரியின் ஆசிரியர் ஓய்வறையில் வேறெதுவும் பேசப்படவில்லை என்பது ஒரு காரணம். ஒரு விலைப்புள்ளியைப் படிப்பதற்கும் ஒரு பனுவலைப் படிப்பதற்கும் நாம் நினைக்குமளவு தொலைவில்லை என்று இப்போது தோன்றுவது இன்னொரு காரணம்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே சாலைவழி ஏறத்தாழ 45 கிலோமீட்டர். அச்சாலையை ஒட்டியது எங்கள் கல்லூரி. ஆசிரியர்களில் பாதிப்பேர் வடக்கிலிருந்தும் பாதிப்பேர் தெற்கிலிருந்தும் பேருந்தேறி வருகிறவர்கள். காப்பிப் பழக்கம் உடையவர்கள் 40 பேர். பல ஆண்டுகளாக எங்களுக்குக் காப்பி தந்துவருபவர், கல்லூரி வாயிலுக்கு எதிரே சிறு கடை வைத்திருக்கும் ஓர் அம்மையார். எல்லோருக்கும் அவர் ‘அக்கா’. எங்களில் பலரைவிட அவர் வயதில் இளையவர் என்பதைப் பின்னால்தான் அறிந்தோம். காலை பதினொரு மணிக்கும் பிற்பகல் மூன்றேகாலுக்கும் எவர்சில்வர் தூக்கில் காப்பியுடன் வருவார். தம்ளர்களைத் திரும்ப எடுத்துச் சென்று கழுவிக்கொள்வார்.

இந்த ஏற்பாட்டில் குறையில்லை என்று சொல்ல முடியாது. மழைநாளில் காப்பி ஆறிவிடும். பிற்பகல் செய்முறை வகுப்பு உள்ளவர்கள் ஓய்வறைக்கு வரும்போது தூக்கு காலியாக இருக்கும். 2024ஆம் ஆண்டின் இறுதியிலும் 2025 தொடக்கத்திலும், பிரேசிலின் வறட்சியும் வியட்நாமின் விளைச்சல் குறைவும் சேர்ந்து உலகச் சந்தையில் காப்பி விலையை உச்சத்துக்குக் கொண்டுபோயின. அதன் அலை எங்கள் வாயிலுக்கு எதிரேயும் வந்து அடித்தது. பத்து ரூபாய்க் காப்பி பன்னிரண்டு ரூபாய் ஆயிற்று. உடனே ஓய்வறையில் ஒரு குரல் எழுந்தது: நாமே ஓர் இயந்திரம் வைத்துக்கொண்டால் என்ன?

அதற்காக ஆசிரியர் சங்கம் ஐவர் குழு ஒன்றை அமைத்தது. தமிழ்த் துறையிலிருந்து நாங்கள் இருவர் அதில் இருந்தோம். இது ஆசிரியர்கள் தம் சட்டைப்பையிலிருந்து போடும் நிதி. அரசுக் கொள்முதலுக்கான 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிச் சட்டம் இதற்குப் பொருந்தாது. ஆயினும், மூன்று விலைப்புள்ளி வாங்கு, குறைந்ததைத் தேர்ந்தெடு என்னும் வழக்கம் அலுவலகங்களில் உழன்ற எல்லோருக்கும் இரண்டாம் இயல்பாகிவிட்டது. நாங்களும் மூன்று விலைப்புள்ளிகளை வாங்கினோம்.

முதலாவது, சென்னையிலிருந்து. இயந்திரம் இலவசம், காகிதக் கோப்பைகள் இலவசம். பால்பொடி, சர்க்கரை, உடனடிக் காப்பித்தூள் மூன்றும் முன்பே கலந்த பொடியை அவர்களிடமே வாங்க வேண்டும். கிலோ 400 ரூபாய். மாதந்தோறும் குறைந்தது 20 கிலோ. இரண்டாவது, புதுச்சேரியிலிருந்து. புதிய பாலையும் தூளிலிருந்து இறக்கிய டிகாஷனையும் கலந்து தரும் இயந்திரம். விலை 45,000 ரூபாய், ஆண்டுப் பராமரிப்பு 5,000 ரூபாய். பாலும் தூளும் நம் விருப்பப்படி வெளியில் வாங்கிக்கொள்ளலாம். மூன்றாவது, கொட்டையை அப்போதைக்கப்போது அரைத்துத் தரும் வெளிநாட்டு இயந்திரம். விலையைப் பார்த்த மாத்திரத்தில் குழுத்தலைவர் அந்தத் தாளை மடித்துவைத்துவிட்டார். அதைப் பற்றி மேலும் சொல்ல எங்களுக்கும் ஒன்றுமில்லை.

கணக்கைப் பார்ப்போம். 40 பேர், நாளுக்கு இரண்டு கோப்பை, மாதம் 22 வேலைநாள் என்றால் 1,760 கோப்பை. ஒரு கோப்பைக்கு 14 கிராம் பொடி வீதம் மாதத்துக்கு ஏறத்தாழ 25 கிலோ போதும். கோப்பை ஒன்று ஆறு ரூபாய்க்கும் குறைவாகவே விழுகிறது. ஆனால் கல்லூரி ஆண்டு முழுவதும் நடப்பதில்லை. இரண்டு மாத விடுமுறையிலும் 20 கிலோ வீதம் வாங்கியே ஆக வேண்டும் என்றால் 40 கிலோ, அதாவது 16,000 ரூபாய், குடிக்க ஆளில்லாத காப்பிக்குப் போகும். அதையும் மற்ற பத்து மாதங்களின் மேல் ஏற்றிப் பார்த்தோம். அப்போதும் கோப்பை ஏழு ரூபாயைத் தாண்டவில்லை. அக்காவின் பன்னிரண்டு ரூபாயோடு ஒப்பிட்டால் இது பாதிக்குச் சற்றே மேல். இதை மறைத்துவிட்டு வாதாடுவது நேர்மையாகாது. விலை ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் சென்னை நிறுவனம் வென்றுவிட்டது. குழுவில் மூவர் அப்படித்தான் கருதினார்கள்.

நாங்கள் இருவரும் அந்த விலைப்புள்ளியை மறுபடி படித்தோம். அதில் தடித்த எழுத்தில் ஒரு வரி இருந்தது: ‘ஆள் தேவையில்லை.’

சங்கப் பாடலை மாணவர்களுக்கு நடத்தும்போது, சொல்லப்பட்டதைவிடச் சொல்லாமல் நிறுத்தப்பட்டதைக் கவனியுங்கள் என்று ஆண்டுதோறும் சொல்லிவருகிறோம். அதே கண்ணை இந்த வரியின் மேல் வைத்தோம். பொடி இயந்திரம் எப்படி இயங்குகிறது? மேலே பொடிக்கலங்கள். பொத்தானை அழுத்தினால் சிறு மோட்டார் ஒன்று சுழன்று, அளவாகப் பொடியைக் கீழே தள்ளுகிறது. கொதிநீர் வந்து விழ, கலக்கும் கிண்ணத்தில் ஒரு சக்கரம் அதை நுரைக்க அடித்துக் கோப்பைக்கு அனுப்புகிறது. கலத்தில் பொடி தீர்ந்தால் நிரப்ப வேண்டும். வழிந்ததைத் தாங்கும் தட்டை நாள்தோறும் கொட்டிக் கழுவ வேண்டும். கலக்கும் கிண்ணத்தை அலசாவிட்டால் பால்பொடி கெட்டித்துப் புளிக்கும். கேனிலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். எறியப்பட்ட கோப்பைகளை அள்ள வேண்டும். இத்தனையும் யாரோ செய்தாக வேண்டும். முனைவர் பட்டம் பெற்ற எங்களில் எவரும் செய்யப்போவதில்லை. ஒப்பந்தக் கூலிக்கு மாடிப்படி கூட்டவரும் தூய்மைப் பணியாளர்தான் செய்யப்போகிறார். அந்த வேலை அவருடைய ஒப்பந்தத்தில் இல்லை. அதற்கு எவரும் அவருக்குக் காசு தரப்போவதும் இல்லை. ஆக, ‘ஆள் தேவையில்லை’ என்ற வரியின் பொருள், ஆளுக்குச் சம்பளம் தேவையில்லை என்பதே.

கோப்பை ஏழு ரூபாய்க்குள் அடங்குவதன் இரகசியத்தில் ஒரு பகுதி இது. இன்னொரு பகுதி கோப்பைக்குள் இருக்கிறது. உறையின் பின்புறம் அச்சிடப்படும் சேர்மானப் பட்டியலில் எடை மிகுந்தது முதலில் வரவேண்டும் என்பது விதி. மாதிரிக்குத் தந்த உறையில் முதலில் நின்றது சர்க்கரை. அடுத்துப் பால்பொடி. காப்பி அதற்கும் கீழே. சர்க்கரை நோயுள்ள நண்பர்கள் எங்கள் நாற்பதில் ஒன்பது பேர். சர்க்கரையில்லாமல் ஒரு கோப்பை கேட்டால் முன்பே கலந்த பொடியிலிருந்து அதை எந்த இயந்திரத்தாலும் பிரித்துத் தர முடியாது. இலவசம் என்று சொல்லப்பட்ட கோப்பைகளின் கதை வேறு. உட்புறம் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பைகளைத் தமிழ்நாட்டரசு 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்திருக்கிறது. தடைசெய்த பொருளை இலவசமாகப் பெறுவதை இலாபக் கணக்கில் எழுதக் கல்லூரி ஆசிரியர்களுக்குக் கூச்சம் வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு பிழையான வாதத்தையும் விலக்கிவிட வேண்டும். குழுவுக்கு வெளியே சில நண்பர்கள் எங்களுக்கு ஆதரவாகப் பேசினார்கள். டபராவும் தம்ளரும் தமிழ்ப் பண்பாடு, இயந்திரம் அதை அழிக்க வந்தது என்பது அவர்கள் கட்சி. இந்த ஆதரவை நன்றியுடன் மறுக்க வேண்டியிருக்கிறது. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ கட்டுரையைப் படித்தவர்கள் இப்படிப் பேசமாட்டார்கள். நீராகாரத்தை விரட்டிவிட்டு வந்தேறிய புதுமையாகத்தான் காப்பி தமிழர் வீட்டுக்குள் நுழைந்தது. அன்றைய பெரியவர்கள் அதைப் பார்த்து அஞ்சினார்கள், வைதார்கள். நேற்றைய புதுமையை இன்றைய மரபாக்கி, அதன் பெயரால் இன்றைய புதுமையை எதிர்ப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

சிக்கரியும் அப்படித்தான். கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் பிறந்த புதுமைப்பித்தன் தம் கதையில் கடவுளையே சென்னைக் காப்பிக் கடைக்கு அழைத்துவந்தார். அந்தச் சுவையில் சொக்கிப்போன கடவுளுக்கு, இதெல்லாம் கடைக்காரன் போட்ட சிக்கரியின் வேலை என்று கந்தசாமிப் பிள்ளை விளக்க வேண்டியிருந்தது. பெரும்பாலும் குஜராத்தில் விளையும் ஒரு கிழங்கின் வறுத்த தூள் அது. கஃபீன் இல்லை. நிறமும் கெட்டியும் தரும். அதைக் குற்றமென்று சொல்ல மாட்டோம். காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது, கலவையின் அளவை உறையில் அச்சிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நாங்கள் வேண்டுவது அந்த எண் ஒப்பந்தத்திலும் எழுதப்பட வேண்டும் என்பதே. காப்பி விலை ஏறுகிறபோது கோப்பை விலையைக் கூட்டாமல் சிக்கரியைக் கூட்டிவிடுவது எளிது. அதைக் கந்தசாமிப் பிள்ளைகளால் மட்டுமே கண்டுபிடிக்க முடியும்.

இயந்திரத்துக்குரிய நற்பெயரையும் தந்துவிடுவோம். அக்காவின் காப்பி, மாதச் சந்தா கட்டிய 40 பேருக்கு மட்டுமே. கௌரவ விரிவுரையாளர்களில் பலர் அந்தப் பட்டியலில் இல்லை. அலுவலக உதவியாளர்களும் தூய்மைப் பணியாளர்களும் அறவே இல்லை. தூக்கு ஓய்வறைக்குள் வருவதை வாயிற்படிக்கு வெளியே நின்று பார்க்கிறவர்கள் அவர்கள். இரட்டைத் தம்ளர் முறையின் வரலாறுள்ள மண்ணில், காப்பி யாருக்கு எந்தப் பாத்திரத்தில் தரப்படுகிறது என்பது எந்நாளும் சிறிய செய்தி அன்று. பொத்தானை அழுத்துகிறவர் யார் என்று இயந்திரம் கேட்பதில்லை. இந்த ஒன்றுக்காகவே இயந்திரம் வேண்டும் என்பதை நாங்கள் ஒப்புக்கொண்டோம்.

ஆகவே எஞ்சிய கேள்வி, யாரிடம் வாங்குவது என்பது. இயந்திரம் ஓடுகிற நாளை வைத்து அதை முடிவுசெய்யக்கூடாது. நின்றுபோகிற நாளை வைத்தே முடிவுசெய்ய வேண்டும். எங்கள் கடற்கரைப் பகுதியின் நிலத்தடி நீரில் உப்பு மிகுதி. கொதிகலனுக்குள் வெண்ணிறச் சுண்ணப் படிவு விரைவில் சேரும். படிவு சேரச்சேரச் சூடேற நேரம் பிடிக்கும், கடைசியில் சூடேற்றும் கம்பிச்சுருள் எரிந்துபோகும். சென்னை நிறுவனத்தின் நிபந்தனைகளில் பதினொன்றாவது, தண்ணீரின் தன்மையால் நேரும் பழுதுக்குப் பொறுப்பில்லை என்கிறது. கடலூர் மாவட்டத்தில் ஓர் இயந்திரத்துக்கு நேரக்கூடிய முதல் பழுதே அதுதான்.

தொலைவும் ஒரு செய்தி. வீராணம் ஏரியின் தண்ணீர் 2004 முதல் குழாய்வழியே இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து சென்னைக்குப் போய்ச் சேர்கிறது. சென்னையிலிருந்து ஒரு பழுதுநீக்குநர் இங்கே வந்து சேர எத்தனை நாளாகும் என்பதை எங்கள் நகலெடுக்கும் இயந்திரம் கற்றுத் தந்திருக்கிறது. ஒருமுறை பத்தொன்பது நாள். புயல் வந்தால் சொல்லவே வேண்டாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரைகடந்தபின் இம்மாவட்டத்தின் பல ஊர்கள் வாரக்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன. 2015 வெள்ளம், 2024 நவம்பர் இறுதியில் ஃபெங்கல், அதை அடுத்துத் தென்பெண்ணையின் பெருக்கு என்று பட்டியல் நீள்கிறது. இத்தகைய ஊரில் பழுதுநீக்குநர் எந்த ஊரில் குடியிருக்கிறார் என்பது, கோப்பையின் விலைக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி. புதுச்சேரி நிறுவனத்தின் பழுதுநீக்குநர் கடலூர்க்காரர். 24 மணி நேரத்துக்குள் வருவதாக எழுதித் தரவும் அவர்கள் இசைந்தார்கள்.

அவர்களுடைய இயந்திரத்துக்குக் குழு சொன்ன ஒரே குறை, அதற்கு ஆள் தேவை என்பது. காலையில் பால் காய்ச்ச வேண்டும். டிகாஷன் இறக்க வேண்டும். மாலையில் பால்குழாய்களை வெந்நீர் விட்டுக் கழுவ வேண்டும். ஒரு நாள் தவறினாலும் மறுநாள் பால் திரிந்துவிடும். மூவர் அதைக் குறையென்றார்கள். எங்களுக்கு அது தீர்வாகத் தெரிந்தது. அந்த ஆள் வாயிலுக்கு எதிரிலேயே இருக்கிறார்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் மின்னஞ்சல் அனுப்பி விலைப்புள்ளி கேட்ட நாங்கள், இத்தனை ஆண்டுகளாகக் காப்பி வழங்கிவந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரை வழங்குநர் என்று எங்களில் எவரும் நினைத்ததில்லை. நிறுவனம் என்றால் முத்திரைத் தாள் வேண்டும், வரி எண் வேண்டும், கழுத்துப்பட்டை கட்டிய பிரதிநிதி வேண்டும். அக்காவிடம் தூக்கு மட்டுமே இருந்தது.

காப்பி ஊற்றுகிறவர்களே வழங்குநர் ஆன வரலாறு நமக்குப் புதிதன்று. 1936இல் பம்பாயில் தொடங்கிய காப்பி ஹவுஸ்கள் பின்னர் காப்பி வாரியத்தின் கீழ் நாடெங்கும் பரவின. 1950களில் வாரியம் அவற்றை மூட முற்பட்டபோது வேலையிழந்த ஊழியர்கள், ஏ. கே. கோபாலனின் முன்முயற்சியில் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரண்டார்கள். முதல் சங்கம் 1957இல் பெங்களூரில் அமைந்தது. அதுவரை தட்டேந்தியவர்களே உரிமையாளர்களாகி அதே காப்பியை ஊற்றினார்கள். கடலூருக்கு வடக்கே 20 கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், புதுச்சேரி நேரு வீதியின் இந்தியன் காப்பி ஹவுஸில் அமர்ந்து இலக்கியம் பேசாத எழுத்தாளர் இப்பகுதியில் அரிது. அங்கே உழைப்பின் கண்ணியத்தைப் பற்றி உரக்கப் பேசிவிட்டுப் பேருந்தேறி வருகிற நாம், நம் ஓய்வறையில் அதே கேள்வி வந்து நிற்கும்போது கோப்பைக்கு எத்தனை காசு மிச்சம் என்று கணக்கிடத் தொடங்கிவிடுகிறோம்.

சென்ற வாரம் நாங்கள் இருவரும் அவர் கடைக்குப் போனோம். விவரத்தைச் சொன்னோம். இயந்திரம் சங்கத்தின் பொருள், அதை நடத்துவது அவர் என்று ஏற்பாடு செய்தால் கோப்பைக்கு என்ன விலை வரும் என்று கேட்டோம். அவர் எங்களை ஐயத்துடன் பார்த்தார். “மெசின் வருதுன்னு ஒரு மாசமா கேள்விப்பட்டுக்கிட்டுதான் சார் இருக்கேன். இப்பதான் வந்து சொல்றீங்க” என்றார். அந்த வரிக்கு எங்களிடம் உரை எதுவும் இல்லை.

மறுநாள் கணக்கைச் சொன்னார். ஆவின் பால், தூள், சர்க்கரை எல்லாம் சேர்த்துக் கோப்பைக்கு 7 ரூபாய். காய்ச்சவும் நிரப்பவும் கழுவவும் அவர் கூலி 3 ரூபாய். ஆகப் பத்து ரூபாய். மாதத்துக்கு 1,760 கோப்பை என்றால் அவருக்கு 5,280 ரூபாய் கிடைக்கும். சர்க்கரை தனியே. எவர்சில்வர் தம்ளர். பட்டியலில் இல்லாதவர்களுக்கும் அதே தம்ளரில் அதே காப்பி. அவர்களுக்கான செலவைச் சங்கம் ஏற்க வேண்டும் என்பது எங்கள் தரப்பில் நாங்கள் சேர்க்கும் நிபந்தனை.

சென்னைப் பொடியைவிட இது கோப்பைக்கு மூன்று ரூபாய்க்கு மேல் கூடுதல். இயந்திரத்தின் விலைக்கு ஆளுக்கு 1,125 ரூபாய் முதலிலேயே போட வேண்டும். சம்பளம் முறையாகப் பெறுகிற எங்களுக்கு இது சுமை என்று சொல்வது நகைப்புக்குரியது. ஆயினும் குழுவில் நாங்கள் சிறுபான்மை. வருகிற வெள்ளிக்கிழமை சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் வாக்கெடுப்பு. தோற்றுப்போகலாம். தோற்றாலும், நான்காவது விலைப்புள்ளி ஒன்று வந்தது என்பது கூட்டக் குறிப்பேட்டில் பதிவாக வேண்டும் என்று கேட்டிருக்கிறோம்.

அந்த நான்காவது விலைப்புள்ளி கோடு போட்ட நோட்டுத்தாளில், பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் அவர் மகளின் கையெழுத்தில் இருக்கிறது. நிபந்தனைகள் மொத்தம் மூன்று. மூன்றாவது நிபந்தனை, லீவு நாளில் காப்பி வேண்டாம் என்றால் முதல்நாள் சாயந்தரம் சொல்லிவிட்டால் போதும், பால் வாங்க மாட்டோம் என்கிறது.